பல்லுக்குள் உறை ஊற்றுதல்

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் படிக்கட்டில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவன், இரும்புக் கிராதியில் முகத்தை மோதிக்கொண்டான். மேல்வரிசை முன்பல் ஒன்று குறுக்கே உடைந்தது. 'பால் பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று அம்மா சொன்னதை நம்பி, ரத்தத்தைக் கழுவி ஐஸ் வைத்ததோடு விட்டுவிட்டோம். அது பால் பல் இல்லை, ஏழு வயதில் முளைத்த நிரந்தரப் பல். ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பல்லுக்கு மேலே, ஈறில் கடுகளவு சீழ்க் கொப்புளம் எட்டிப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது.

பஜார் தெருப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர் வேலூர்க்காரர். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, பேனா முனையால் வேரின் நுனியைத் தொட்டுக் காட்டினார். "இங்கே பாருங்கள் சார். பக்கத்துப் பல்லும் இப்படித்தான் இருக்கிறது. வேர் இன்னும் மூடவில்லை. புனலைக் கவிழ்த்து வைத்தது போலத் திறந்து கிடக்கிறது. வழக்கமான ரூட் கெனால் செய்தால் அடைக்கிற பொருள் மறுபக்கமாக வெளியே போய்விடும். செவரும் முட்டை ஓடு மாதிரி மெல்லிசு, பின்னால் உடைந்துவிடும்."

"வேறு என்ன செய்வது டாக்டர்?"

"உள்ளே ரத்தம் வர வைக்கலாம்."

அன்றிலிருந்து பல்லின் உட்சதையை வளர்க்கும் ஆராய்ச்சிகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் 'தானாகக் கட்டிக்கொள்ளும் பெப்டைட்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. செய்திக் குறிப்புகளைப் படித்தால் நாளை மறுநாள் ரூட் கெனாலே ஒழிந்துவிடும் என்று தோன்றும். அப்படி ஒன்றும் நடக்கப் போவதில்லை. ஆனால் அதன் வேதியியல் அழகானது. தடை எங்கே இருக்கிறது என்பது அதைவிடச் சுவையானது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். வளர்ந்தவர் ஒருவரின் பல்லுக்குள் இருக்கும் உட்சதையின் சராசரி அளவு 0.02 மில்லிலிட்டர். கண்மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. அந்தத் துளிக்குள் ரத்த நாளங்கள், நரம்புகள், நார்கள், நோய் எதிர்ப்புச் செல்கள் என்று ஒரு முழு ஊரே குடியிருக்கிறது. ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும் ஓடோன்டோபிளாஸ்ட் என்ற செல்கள்தாம், பல்லின் உட்சுவரான டென்டினைக் கட்டுகிற கொத்தனார்கள். பல் முளைத்த பிறகும் மூன்று ஆண்டுகள் போல வேலை செய்து, வேரை நீட்டி, சுவரைத் தடிமனாக்கி, நுனியை ஊசித் துளையாகச் சுருக்குகிறார்கள். சிறுவனின் உட்சதை செத்ததும் அந்த வேலை பாதியில் நின்றது.

அது ஏன் அவ்வளவு சுலபமாகச் சாகிறது? கையில் அடிபட்டால் வீங்கும், வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் நான்கு பக்கமும் கல் சுவர். கிருமி புகுந்து சதை வீங்க முயன்றால் தன் ரத்த நாளங்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. மாற்று வழியாக ரத்தம் வர ஜன்னல் கிடையாது. வேர் நுனியில் ஒரே வாசல், முதிர்ந்த பல்லில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இனி வருவதையெல்லாம் இந்த வாசலை மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

அந்தக் கிளினிக்கில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டால், அதாவது பிளீச்சிங் திரவத்தின் மென்மையான வடிவத்தால், உள்ளே நிதானமாகக் கழுவினார். கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை வைத்து மூடி, நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார். இரண்டாம் முறை மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் கலக்காததைத் தேடி எடுத்தார். அட்ரினலின் ரத்த நாளத்தைச் சுருக்கும், இங்கே ரத்தம் வர வேண்டும் என்பதே நோக்கம். 17 சதவீத இடிடிஏ கரைசலால் சுவரைக் கழுவினார். அது டென்டினின் மேல்பரப்பிலுள்ள கால்சியத்தைக் கரைத்து, பல் உருவான காலத்திலேயே உள்ளே புதைந்துபோன, செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளை வெளியே விடுகிறது. பிறகு மெல்லிய கம்பி ஒன்றை வேர் நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுக் கிளறினார். பூதக் கண்ணாடி வழியே என்னையும் பார்க்க விட்டார். வெறும் வெள்ளைக் குழாயாக இருந்த பல்லுக்குள், கிணறு வெட்டும்போது அடியில் ஊற்று எடுப்பது போல, சிவப்பு மெல்ல மேலேறி வந்தது. கால் மணி நேரம் காத்திருந்தார். உறைந்ததும் அதன் மேல் சிமெண்ட் வகை மூடி வைத்து அடைத்துவிட்டார்.

நோர்வேயின் நைகார்டு-ஓஸ்ட்பி 1961-லேயே பல்லுக்குள் ரத்தத்தை உறைய விட்டுப் பார்த்திருக்கிறார். வேர் மூடாத சிறார் பற்களுக்கு அது நடைமுறைச் சிகிச்சையாக வலுப்பெற்றது 2001, 2004 ஆண்டுகளில் வெளியான நோயாளி விவரங்களுக்குப் பிறகு. சீழ் வற்றுகிறது, வலி போகிறது, பல சமயம் வேர்ச் சுவரும் தடிக்கிறது. ஆனால் உள்ளே வளர்ந்ததை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் கண்டது பெரும்பாலும் அசல் உட்சதையை அல்ல. வேரின் வெளிப்பூச்சைப் போன்ற சிமெண்டம், எலும்பைப் போன்ற திட்டுகள், நார்த்திசு. அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து காலி வீட்டில் குடியேறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வீடு இடியாமல் நிற்கிறது, அதுவும் லாபம்தான். உரிமையாளர் திரும்பவில்லை.

ரத்தக்கட்டி நல்ல சாரமாக அமையாதது இதற்கு ஒரு காரணம். கட்டடத்துக்குக் கொத்தனார் ஏற நிற்கும் சாரம் போல, செல்கள் பிடித்து ஏற ஒரு பிடிமானம் வேண்டும். ரத்தக்கட்டி சுருங்குகிறது, சீக்கிரம் கரைகிறது, ஒரு நோயாளிக்கு நிறைய வருகிறது, இன்னொருவருக்குச் சொட்டுகூட வருவதில்லை. ஊசித் துளைக்குள் செலுத்தும் அளவுக்கு நீர்மையாகவும், உள்ளே போனதும் கெட்டியாகவும், செல்கள் வளர வளரத் தானே கரைந்து இடம் விடுவதாகவும் ஒரு பொருள் கிடைக்குமா என்று தேடியவர்கள்தாம் பெப்டைட் பக்கம் வந்தார்கள்.

பெப்டைட் என்பது புரதத்தின் சின்னத் துண்டு, சில அமினோ அமிலங்கள் கோத்த குட்டி மாலை. இந்த வகையில் அதிகம் பேசப்படும் ராடா-16 என்ற மாலையில் 16 மணிகள். ஆர்ஜினின், அலனின், ஆஸ்பார்டிக் அமிலம், மறுபடி அலனின், இதே வரிசை நான்கு முறை. இந்த அடுக்கில்தான் சூட்சுமம். மாலை நீண்டு கிடக்கும்போது அலனின்கள் எல்லாம் ஒரு பக்கம் வருகின்றன, அவை தண்ணீரை விரும்பாதவை. மறுபக்கம் நேர்மின், எதிர்மின் ஏற்றங்கள் மாறி மாறி நிற்கின்றன. தண்ணீரில் விட்டால் தண்ணீர் பிடிக்காத பக்கங்கள் ஒன்றை ஒன்று அணைத்துக்கொள்கின்றன. பக்கத்து மாலைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் வேலியின் கம்புகள் போலச் சேர்ந்து நிற்கின்றன. வேலி நீண்டு, ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகிறது. தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. இழைகள் பின்னிக் கொழகொழவென்று ஒரு கூழாகின்றன. அந்தக் கூழில் 99 சதவீதம் தண்ணீர், பெப்டைட் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ.

நம் சமையலறையில் இதற்கு நெருங்கிய உறவு தயிர். பாலில் கேசீன் புரத உருண்டைகள் ஒரே மின்னேற்றத்தால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. உறை ஊற்றியதும் பாக்டீரியா புளிப்பை உண்டாக்குகிறது, ஏற்றம் தணிகிறது, தள்ளல் நிற்கிறது, புரதங்கள் கைகோத்துத் தயிராகின்றன. ராடா-16 நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. புளிப்பான கரைசலில் நீர்மையாக இருக்கும், உடம்பின் உப்பும் நடுநிலையும் பட்டதும் கெட்டியாகும். நம் ரத்தமே அதற்கு உறை மோர். உவமை ஓரிடத்தில் முறியும். தயிரைக் கடைந்தால் மோராகிவிடும், மறுபடி ஆடை கட்டாது. பெப்டைட் கூழை ஊசி வழியாக அழுத்தினால் இளகும், அழுத்தம் நின்றதும் மீண்டும் இறுகும். பல் மருத்துவருக்கு வேண்டியது இந்தக் குணம்தான்.

இது தற்செயலாகக் கிடைத்த புதையல். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஷுகுவாங் ஜாங், ஈஸ்ட் புரதம் ஒன்றை ஆராய்ந்தபோது அதில் விசித்திரமான ஒரு வரிசையைக் கவனித்தார். அந்தத் துண்டைத் தனியே செய்து உப்புக் கரைசலில் விட்டபோது கண்ணுக்குத் தெரியும் சவ்வு உருவானது. 1993-ல் வெளியிட்டார். ராடா-16 அதன் தம்பி.

இங்கே ஒரு சொந்தப் பெருமையையும் சொல்லிக்கொள்கிறேன். புரத மாலை எந்தக் கோணங்களில் மடியலாம், எதில் மடிய முடியாது என்று உலகம் முழுக்க மாணவர்கள் பார்க்கும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரின் வேலை. ராடா-16 நீண்டு நிற்கும் நிலையும் அந்த வரைபடத்தின் மேல் இடது மூலையில்தான் வருகிறது. ஈறின் நார்த்திசு பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். அது மூன்று புரிக் கயிறு என்ற அமைப்பை 1950களின் நடுவில் முன்வைத்தவர்களில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உண்டு. ராமச்சந்திரன் பின்னாளில் பெங்களூரு வந்து இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கினார். நம் வீட்டிலிருந்து அந்த வளாகம் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், மேக்ரி சர்க்கிளில் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால். இன்னொரு பொருத்தம்: அமினோ அமிலங்களைப் பிசின் மணியின் மேல் ஒவ்வொன்றாகக் கோக்கும் முறையை அமெரிக்காவின் மெரிஃபீல்டு வெளியிட்டதும் அதே 1963-ல். அந்த முறை இல்லாவிட்டால் இந்தக் கூழ்களில் எதையும் செய்திருக்க முடியாது.

பல்லுக்காகவே வடிவமைத்த பெப்டைட் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹார்ட்கெரிங்கின் ஆய்வகத்தில் பிறந்தது. ராடா-16 கரைசலின் புளிப்பு செல்களைச் சுடும், கழுவி நடுநிலைப்படுத்த வேண்டும். இவர்களுடைய பெப்டைட்டில் நடுவே செரீனும் லியூசினும் மாறி மாறி வரும், இரண்டு முனைகளிலும் லைசீன் இருக்கும், நடுநிலையிலேயே கூழாகும். ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க்கைச் சேர்ந்த பல் மருத்துவர் கெர்ஸ்டின் காலருடன் சேர்ந்து அதில் இரண்டு வேலைப்பாடுகளைச் செய்தார்கள். ஒன்று, செல்கள் கைப்பிடியாகப் பற்றிக்கொள்ளும் சிறு வரிசை. மற்றொன்று, செல்கள் சுரக்கும் நொதி வெட்டக்கூடிய ஒரு பலவீனமான கண்ணி. செல் முன்னேற முன்னேறச் சாரத்தை அறுத்துக்கொண்டே போகலாம். ரத்த நாளத்தைத் தூண்டும் காரணிகளையும் ஹெப்பாரின் என்ற மூலக்கூறு வழியாக அதில் கட்டி வைத்தார்கள். மனிதப் பல்லிலிருந்து எடுத்த டென்டின் உருளைக்குள் இந்தக் கூழையும் உட்சதையின் குருத்தணுக்களையும் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) வைத்து எலியின் முதுகுத் தோலடியில் புதைத்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில், உருளைக்குள் ரத்த நாளமுள்ள மென்திசு வளர்ந்திருந்தது. அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ராடா-16 கூழில் பால் பல் குருத்தணுக்களைக் கலந்து, முழு நீள வேர்க் குழாய்களில் செலுத்தி எலிக்குள் வைத்துப் பார்த்தது. அங்கேயும் திசு வளர்ந்தது.

இங்கேதான் நான் பிரேக் போடுகிறேன். எலியின் தோலடி ரத்தம் நிறைந்த மென்மையான மெத்தை. அதில் வைத்த பல் துண்டுக்குத் திறந்த பக்கங்களிலிருந்து ரத்த நாளம் வரலாம். என் மருமகனின் பல்லுக்கு இருப்பது ஒரு வாசல், அதுவும் சீழ் பிடித்து ஆறிய வாசல். செல்கள் ரத்த நாளத்திலிருந்து 0.1, 0.2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் ஆக்சிஜன் போதிய அளவு கிடைக்காது. வேர்க் குழாயோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம். மேலே இருக்கும் செல்கள், கீழிருந்து நாளம் ஏறி வரும்வரை பட்டினி கிடக்க வேண்டும். எந்தக் கூழும் அந்த இடைவெளியைச் சும்மா தாண்டிவிடாது. அதனால்தான் நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகக் குழு வேறு வழி பிடித்திருக்கிறது: செல்லே வேண்டாம், ரத்த நாளத்தை அழைக்கும் சமிக்ஞையைப் பெப்டைட்டின் வாலிலேயே எழுதிவிடுவோம், வருகிற செல்கள் வரட்டும். நாய்ப் பற்களில் பார்த்திருக்கிறார்கள். மருத்துவரின் கையில் பயன்படும் வாய்ப்பு இதற்கே அதிகம் என்பது என் எண்ணம். செல்லை வளர்த்து, பரிசோதித்து, குளிர்பெட்டியில் கொண்டுவரும் கூடத்தை எந்தத் தெருமுனை கிளினிக்கும் நடத்த முடியாது.

மனிதர்களில் உண்மையாகவே உட்சதை வளர்ந்த சான்றுகள் உண்டு, ஆனால் அவை பெப்டைட்டால் வந்தவை அல்ல. ஜப்பானில் நகாஷிமா குழு 2017-ல் ஐந்து நோயாளிகளில் அவரவர் பல் குருத்தணுக்களையே வைத்தது. சீனாவின் சியான் நகரக் குழு 2018-ல் முன்பல் அடிபட்ட 40 சிறுவர்களைச் சேர்த்து, பலருக்கு அவர்களுடைய பால் பல்லிலிருந்து வளர்த்த செல் திரள்களை உள்ளே வைத்தது. ரத்த ஓட்டமும் உணர்வும் திரும்பின. பெப்டைட் கூழ் எதுவும் கலக்கவில்லை. இந்தச் செல் சிகிச்சையையும் பெப்டைட்டையும் ஒரே பத்தியில் குழப்பி எழுதும் விளம்பரங்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

பெப்டைட் மனிதர்களில் வந்திருக்கும் இடங்கள் வேறு. ராடா-16 கூழ், எண்டோஸ்கோப்பியின்போது குடலில் கசியும் ரத்தத்தை நிறுத்தும் மருத்துவச் சாதனமாக வெளிநாடுகளில் விற்பனையில் இருக்கிறது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகிய, 11 அமினோ அமிலங்கள் கொண்ட பி-11-4 என்ற பெப்டைட், பல்லின் வெள்ளைத் திட்டாகத் தெரியும் ஆரம்பச் சொத்தைக்கு வந்துவிட்டது. ஓட்டை விழாத எனாமலுக்குள் ஊறி, கூழாகி, கால்சியம் படியப் பந்தல் போடுகிறது. உட்சதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதே கூழை ஈறை மீட்கவும் சோதிக்கிறார்கள். ஈறின் கதை பாதி எளிது, பாதி கடினம். எளிது, ஏனென்றால் ஈறுக்கு ரத்தப் பஞ்சம் இல்லை. கடினம், ஏனென்றால் ஈறு என்று நாம் சொல்வது நான்கு திசுக்கள்: ஈறு, வேர் மேல் சிமெண்டம், தாடை எலும்பு, இவற்றுக்கு நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் பல்லை ஊஞ்சல் போலத் தாங்கும் நார்கள். நோயால் இது அரிக்கப்பட்டு, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை விழுந்த பிறகு ஆறும்போது ஓட்டப்பந்தயம் நடக்கிறது. மேல்தோல் செல்கள் முயல், மற்றவை ஆமை. முயல் முதலில் வேரைப் போர்த்திக்கொண்டால், நார்கள் ஊன்ற இடமில்லை. 1982-ல் ஸ்வீடனில் நைமன், காரிங் குழு நடுவே ஒரு தடுப்புச் சவ்வை வைத்து ஆமைக்கு அவகாசம் கொடுத்தது. இன்றும் அதே வழிதான், சவ்வும் நிரப்பும் பொருளும் மாறியிருக்கின்றன. பையின் கோணல்மாணலான இடுக்கில் தானே பரவி, அங்கேயே இறுகி, ரத்தத்தையும் நிறுத்தும் கூழ் நல்ல போட்டியாளர். எலிகளில் ராடா-16 வைத்துப் பார்த்ததில் எலும்பு நன்றாகவே வந்தது.

இதில் ஒரு சமூக விஷயமும் இருக்கிறது. இப்போது இருக்கும் சாமான்களில் பல விலங்கிலிருந்து வருபவை. ஈறு வளர்க்கப் பயன்படும் எனாமல் புரதக் கூழ் பன்றிக் குட்டிகளின் பல் முளைகளிலிருந்து எடுப்பது. சவ்வுகளும் எலும்புத் தூளும் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும். "மல்லேஸ்வரத்துப் பாட்டியும் சிவாஜிநகர் பாயும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இது எதில் செய்தது?" என்றார் மருத்துவர். அதனால் பலர் தம் மேலண்ணத்திலிருந்தே சதையை வெட்டி ஒட்டச் சம்மதிக்கிறார்கள், இரண்டு வாரம் சூடான சாம்பார் சாப்பிட முடியாமல். முழுக்க ஆய்வகத்தில் கோத்த பெப்டைட் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லும். விலைதான் பதில் சொல்லாது. ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்து, தவறிய மாலைகளைச் சலித்துத் தள்ளுவது இன்னும் செலவான காரியம். விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி வாசலில் காலை வெயிலில் வரிசையில் நிற்பவர்களுக்கு இது எப்போது எட்டும் என்பது வேதியியலைவிட விலைப்பட்டியலின் கேள்வி.

அக்காவின் வாட்ஸ்அப்புக்கு இதற்குள் ஒரு விளம்பரம் வந்துவிட்டது. குழந்தையின் பால் பல்லைப் பத்திரப்படுத்தி வையுங்கள், நாளை எல்லா நோய்க்கும் மருந்து என்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர வேறெதையும் இப்படிச் சேமிக்க அனுமதி இல்லை என்கிறது. பல்லும் அதில் அடக்கம். ரத்தநோய்களுக்கு வழக்கமாகச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்றவற்றைத் தவிர, குருத்தணுச் சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்வதும் கூடாது. அக்கா அதைப் படித்துவிட்டு விளம்பரத்தை அழித்தாள். அம்மா மட்டும் பையனின் விழுந்த பால் பல்லைக் குங்குமச் சிமிழில் இன்னும் வைத்திருக்கிறாள்.

போன வாரம் ஓராண்டுப் பரிசோதனை. எக்ஸ்ரேயில் வேர்ச் சுவர் கொஞ்சம் தடித்திருந்தது, கொப்புளம் போன சுவடே இல்லை. உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, குளிர் ஸ்பிரே அடித்த பஞ்சை அந்தப் பல்லில் வைத்தார். "சில்லென்று இருந்தால் கை தூக்கு கண்ணா." இரண்டு விநாடி கழித்துப் பையன் கையைத் தூக்கினான். என் முகம் மலர்ந்துவிட்டது. மருத்துவர் ஒன்றும் சொல்லாமல், இன்னொரு பஞ்சைக் குளிர் படாமல் எடுத்து அதே பல்லில் வைத்தார். பையன் அதற்கும் கையைத் தூக்கினான்.

அவர் சிரித்துக்கொண்டே அட்டையில் கேள்விக்குறி போட்டார். "ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்."